போனின் நெற்றியில் ஒரு மழைமேகம்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரனுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. போனை எடுத்ததும் எதிர்முனை கூப்பிடுகிற பெயர் ஒன்றுதான்: "தண்ணி விழுதா?"

நலமா என்று கேட்க மாட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் எப்படி என்று கேட்க மாட்டார்கள். என்றைக்கோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் கேட்பார், குற்றாலம் மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா, ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறதா என்று. ஏதோ நான்தான் மேலே மலையில் உட்கார்ந்து குழாயைத் திருகி விடுகிற மாதிரி. பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வி வரும்: "ஹால் சும்மாதானே கெடக்கு?"

என் ஹால் ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. ஹால் ஒன்று, அறை ஒன்று, அடுப்படி ஒன்று, அவ்வளவுதான் வீடு. ஹாலில் ஒரு மேஜை. அந்த மேஜையில் என் மகள் அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். போன வருடம் ஒன்றரை மதிப்பெண்ணில் போயிற்று. போன சீசனில் அந்த ஹாலில் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். அவளுடைய பொது அறிவுப் புத்தகத்தின் மேல் எவனோ ஒருவன் கோடு போட்ட டவுசரை ஈரத்தோடு காயப் போட்டிருந்தான். அந்த ஒன்றரை மதிப்பெண் அந்த டவுசரில்தான் ஊறிப் போனது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் டவுசர் என்று தெரிந்தால் கோர்ட்டுக்கே போயிருப்பேன்.

இந்த வருடமும் தேர்வு சீசன் நடுவில்தான். இன்னும் சரியாக இருபது நாள். அதுவரை ஒரு விருந்தாளி வாசல் மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். உள்ளதைச் சொல்லித் தடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மகள் அதற்குத் தடை போட்டிருந்தாள். போன முறை முடிவு வந்த அன்று, குளிக்க வந்துபோன பதினோரு பேரும் தனித்தனியாகக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார்கள். இந்த முறை எழுதுவது எவருக்கும் தெரியக் கூடாது என்றாள். ஆக, எனக்கு மிச்சம் இருந்த ஒரே வழி பொய்.

"சொட்டுத் தண்ணி இல்ல அண்ணாச்சி. பாறை காயுது. குரங்குகூட கீழ எறங்கிருச்சு." இதையே ஒரு நாளைக்குப் பத்து முறை சொன்னேன். வெளியே சாரல் என் கடைக் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்கும். நான் வீட்டை ஒட்டியே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு உறவினர் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் நம்பினார்கள். நம்பாதவர் ஒருவர், மனைவியின் அண்ணன். தூத்துக்குடியில் இருக்கிறார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருவதாக ஒரு வெள்ளிக்கிழமை குடும்பக் குரூப்பில் எழுதினார். தண்ணீர் இல்லை என்று நான் எழுதினேன். போட்டோ போடும் என்று எழுதினார். போனும் அடித்தார், நான் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் வேலையை ஆரம்பித்தேன். போன கோடையில் எடுத்த படம் ஒன்று என் போனில் கிடந்தது. கறுத்த பாறை, அதன் நடுவில் பூணூல் மாதிரி ஒரு தண்ணீர்க் கோடு. அப்படியே அனுப்பினால் படத்தின் பெயரிலேயே தேதி இருக்கும். பழைய போலீஸ் அதைத்தான் முதலில் பார்க்கும். ஆகவே படத்தைத் திரையில் திறந்து வைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை அனுப்பினேன். புதுப் படம், இன்றைய தேதி. கூடவே ஒரு வரி: 'இன்னைக்குக் காலைல எடுத்தது. வெயில் மண்டையப் பொளக்குது. ரெண்டு நாளா டவர் இல்லை, அதான் உங்க போன எடுக்க முடியல.'

எவ்வளவு பெரிய மூளை எனக்கு என்று நானே வியந்து ஒரு டீ சொன்னேன்.

டீ வருவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது. நான் அனுப்பிய அதே படம். மேல் விளிம்பில் மட்டும் சிவப்பு மையால் மூன்று வட்டம்.

'மாப்ள, முதல் வட்டம்: இருபத்திமூணுன்னு ஒரு நம்பர், பக்கத்துல மூணு சொட்டோட ஒரு மேகம். இங்கன முப்பத்தேழு. உம்ம மண்டைய இருபத்திமூணு டிகிரிலயே பொளக்குதோ? ரெண்டாவது வட்டம்: டவர் கோடு நாலும் நட்டுக்க நிக்கி. மூணாவது: வெட்டுப்பட்ட மணி. போன சத்தம் இல்லாம வச்சிருக்கீரு. வாரேன்.'

அந்தப் பொடி மேகத்தை அவர் எதைப் போட்டுப் பார்த்தார்? நான் அளவெடுத்து, நான் லென்ஸ் வெட்டி, தீபாவளிக்கு நான் அன்பளிப்பாகக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. போன் என்னுடையது. திரை என்னுடையது. அந்த உச்சியில் நகக்கண் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் யாருடையது? மணி காட்டு என்று நான் சொன்னேனா? சார்ஜ் முப்பத்தொன்றுதான் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லச் சொன்னேனா? மழைச் செய்தி வேண்டும் என்று ஒரு ஆப் போட்டேன், உண்மைதான். அது செய்தியை என்னிடம் அல்லவா சொல்ல வேண்டும்? என் நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டு, நான் பொய் சொல்லும்போது தலைக்கு மேல் நின்று குடை பிடிக்கிறது. வீட்டை விலைக்கு வாங்கிய பிறகு வாசல் நிலைக்கு மேலே ஒரு அடி சுவர் மட்டும் கொத்தனாருக்குச் சொந்தம், அவர் அதில் உங்கள் வீட்டு சங்கதிகளை எழுதிப் போடுவார் என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

ஒத்துக்கொள்ளாமல் செட்டிங்ஸுக்குள் இறங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கீழப்பாவூரிலிருந்து ஒரு விவசாயி கண் பரிசோதனைக்கு வந்தார். அவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு கையால் லென்ஸை மாற்றிக்கொண்டே மறு கையால் போனைத் தடவினேன்.

"முதல் எழுத்து தெரியுதா?"

"முதல்ல சுவரு தெரியணும்லா அண்ணாச்சி."

ஒரு கண்ணை மறைக்கிற கறுப்புத் தட்டை இரண்டு கண்ணிலும் போட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டேன். "கடைக்காரருக்குத்தான் மொதல்ல பாக்கணும் போலுக்கு" என்றார். சிரித்து வைத்தேன். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

செட்டிங்ஸ் என்ன கொடுத்தது என்று கேளுங்கள். சார்ஜ் எண்ணை மறைக்கலாம். சார்ஜ் படத்தை மறைக்க முடியாது. ஆப்களின் குட்டிப் படங்களில் மூன்றை மட்டும் காட்டச் சொல்லலாம். அந்த மூன்றில் முதல் ஆளாக மேகம் வந்து நின்றது. மொத்தத்தையும் எடு என்றால் போன் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையவில்லை. இணையத்தில் எவரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தபடி, போனின் பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினேன். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று போன் அறிவித்தது. ஐம்பத்திரண்டு வயதில், பத்தாம் வகுப்பில் கணக்கில் தத்தளித்த எனக்குப் பதவி உயர்வு. டெவலப்பர் ஆனவுடன் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டினேன். அதில் 'டெமோ' என்று ஒன்று.

அதைத் தட்டியதும் மேல் பட்டை பளிச்சென்று சுத்தமானது. மேகம் இல்லை. வெட்டுப்பட்ட மணி இல்லை. டவர் முழுசு. சார்ஜ் முழுசு. நேரம் பன்னிரண்டு. கடைக்காரர்கள் போனை ஜோடித்து வைத்துக் காட்டுவதற்காக உள்ள பொய் வேஷம் அது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், ஆகா, என் போன் கடைசியில் என் பக்கம் வந்துவிட்டது என்பதுதான்.

அந்தத் தெம்பில் மச்சானுக்கு நானே போன் போட்டேன்.

"மச்சான், அந்த மேகம் பழைய மேகம். ஆப் கோளாறு. இப்ப அனுப்புதேன் பாருங்க, மேகமே கெடையாது."

"அப்போ இருபத்திமூணு?"

"அது... அது என் கண்ணாடிக் கடை டோக்கன் நம்பரு."

"டோக்கனா? உம்ம கடைக்கு ஒரு நாளைக்கு மூணு பேரு வந்தா பெரிசு. சரி, கடைசியா கேக்கேன், நேரா பதில் சொல்லும். நாங்க வாரதுல உமக்கு என்ன சங்கடம்?"

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் என் வாயில் உருவாகிக்கொண்டிருந்தபோது போன் உயிரை விட்டது. திரையில் அந்த நொடி வரை சார்ஜ் முழுசு, மணி பன்னிரண்டு. கடைச் சுவரில் நாலேகால். முப்பத்தொன்றில் இருந்த சார்ஜ் காலையிலிருந்து என் தடவலில் கரைந்து பூஜ்யத்துக்கு வந்திருக்கிறது. பட்டை கடைசி மூச்சு வரை சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. என்னைவிடப் பெரிய பொய்யனை நான் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

மச்சான் பக்கம் யோசித்துப் பாருங்கள். நாங்கள் வருவதில் என்ன சங்கடம் என்று கேட்கிறார், மாப்பிள்ளை போனைத் துண்டிக்கிறான். திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைத்திருக்கிறான். எங்கள் பக்கம் இதற்குப் பிறகு மூன்று தலைமுறை பேசிக்கொள்ளாமல் இருக்கலாம்.

போன் எரிந்தே போய்விட்டது என்று நினைத்துக் கடையைப் பூட்டிக்கொண்டு கோயில் பக்கம் உள்ள மொபைல் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். அதை நடத்துவது முப்பத்தைந்து வயதுப் பெண். மடியில் ஒரு கைக்குழந்தை, கண்ணில் நான் கொடுத்த கண்ணாடி.

"தங்கச்சி, உள்ள என்னமோ வெடிச்சிருச்சு."

வாங்கினாள். சார்ஜரைச் செருகினாள். இரண்டு நிமிடத்தில் போன் கண் விழித்தது. "சார்ஜ் இல்ல அண்ணாச்சி" என்றாள். வேஷம் கலைந்து மேகமும் மணியும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"இந்தப் பட்டைய வேரோட எடுத்துரணும். முடியுமா முடியாதா?"

"எதுக்கு எடுக்கணும்?"

கதையைச் சொன்னேன். அவள் அந்தப் பாறைப் படத்தைத் திறக்கச் சொன்னாள். திறந்து நீட்டினேன். படத்தின் நடுவில் விரலால் ஒரு தட்டு தட்டினாள். மேல் பட்டை மாயமாக மறைந்தது. உச்சி முதல் அடி வரை காய்ந்த பாறை மட்டும் நின்றது.

"இப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தா ஒண்ணும் வந்திருக்காது."

நானும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். பட்டை வந்தது.

"அது தெரியலன்னாலும், எடுத்த பொறவு மேல கொஞ்சம் வெட்டிவிட்டு அனுப்பிருக்கலாம்."

நான் குழந்தையின் காலைத் தடவிக் கொடுத்தேன்.

"அந்த மழை ஆப்ப அழிச்சிருந்தா மேகமே வந்திருக்காதே."

"போதும் தங்கச்சி" என்றேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கும் புரிந்துவிட்டது போல.

ஞாயிறு காலை வேன் வந்தது. நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. மச்சான் நேராகக் கொல்லைக்கே வந்தார். என் தலையைப் பார்த்தார், தலையிலிருந்து சொட்டிய சாரலைப் பார்த்தார்.

"வெயில் சாஸ்தியோ மாப்ள?"

அவருக்குப் பின்னால் அவர் மனைவி, இரண்டு மருமகன்கள், பிள்ளைகள், மொத்தம் ஒன்பது பேர் விசாரணையைப் பார்க்கத் திரண்டு நின்றார்கள். நான் என் மகளின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். "வீட்ல வெள்ளையடிக்கப் போறேன்" என்றேன். சுவரைப் பார்த்தார். போன பொங்கலுக்கு அடித்த வெள்ளை. "எனக்கு உடம்பு சரியில்ல" என்றேன். என்னைப் பார்த்தார்.

அப்போது மகள் மேஜையை விட்டு எழுந்து வந்தாள்.

"மாமா, எனக்கு இன்னும் ரெண்டு வாரத்துல பரீட்சை. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நாந்தான் அப்பாட்ட சொன்னேன்."

மச்சானின் மீசை இறங்கியது. "அட, இதத்தான வே சொல்லிருக்கணும்? பிள்ள படிக்கணும்னா நாங்க லாட்ஜில தங்குதோம். இப்பமே கிளம்புதோம்."

"வேண்டாம் மாமா. நீங்க இங்கனயே தங்குங்க. நீங்க வந்தா விடிய முன்ன அருவிக்குப் போயி பொழுதடைஞ்சுதான் வாரீங்க. பகல் பூரா வீடு அமைதியா கெடக்கும். போன வருசம் நான் உருப்படியா படிச்சதே நீங்க இருந்த அஞ்சு நாளுதான்."

"பொறவு யாரு தொந்தரவு?"

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அப்பாதான். காலையில இருந்து சொட்டுத் தண்ணி இல்ல, சொட்டுத் தண்ணி இல்லன்னு போன்ல கத்துதாவ. மதியம் சாப்பிட வந்தா எத்தன பாடம் முடிச்சேன்னு கேக்காவ. அரை மணிக்கு ஒருக்க எட்டிப் பாத்து, நான் ஒண்ணும் தொந்தரவு பண்ணல, நீ படின்னு சொல்லுதாவ."

நான் கொதித்துவிட்டேன். யாருக்காக இத்தனை பொய்? யாருக்காக டெவலப்பர் ஆனேன்? "அப்போ அந்த டவுசர்? உன் புத்தகத்து மேல எவனோ காயப் போட்டானே, அது தொந்தரவு இல்லையா?" என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அது ஒங்க டவுசருங்க. நாந்தான் எடுத்துத் தொவைச்சேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு ஒரு வருசமா வாயைத் தொறக்கல."

ஒன்பது பேர் சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை இழுத்தது.

அன்றைக்கே என்னைக் கைது செய்தார்கள். வேறு சொல் இல்லை. என் போனைப் பிடுங்கி மனைவியிடம் ஒப்படைத்தார்கள். கடையையும் அவளே திறந்து பார்த்துக்கொண்டாள். வந்தவர்கள் அவள் பொறுமையாகப் பேசுவதாகச் சொன்னார்களாம். தினமும் விடிவதற்கு முன் என்னை வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுபோவார்கள். ஐந்தருவியில் நிறுத்துவார்கள். பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருந்தும், எந்த வருடமும் நான் இவ்வளவு குளித்ததில்லை. தலையில் அருவி இறங்கும்போது கை மட்டும் தானாக இடுப்பைத் தடவும், போன் இருக்கிறதா என்று. இருக்காது.

புதன்கிழமை. வேன் பக்கத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தோம். மச்சான் கழுத்தில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கிய அவர் போன் முனகியது. மகள் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். மாதிரித் தேர்வு. இருநூறுக்கு நூற்றெழுபத்தொன்று. போன வருடம் அவள் நூற்றைம்பதைத் தொட்டதில்லை.

மச்சான் போனை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். ஆனால் என் கண் எங்கே போனது தெரியுமா? படத்தின் உச்சிக்கு. மேல் பட்டை இல்லை. வெட்டியிருந்தாள்.

"மச்சான், மேல ஏன் வெட்டிருக்கா? எப்ப எழுதினதுன்னு தெரியலையே. பழைய மார்க்கா இருக்குமோ? எதையோ மறைக்கா."

"யாருவே சொல்லுதது?" என்று அவர் கேட்டார். நான் பொருட்படுத்தாமல் போனை வாங்கி அவளுக்கே போட்டேன்.

"ஏட்டி, மேல இருந்தத எதுக்கு வெட்டின?"

"அப்பா, நீங்க பாத்துப் பயப்படக் கூடாதுன்னுதான் வெட்டினேன்."

"முழுசா அனுப்பு."

அனுப்பினாள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு, பத்து நிமிடத்துக்கு முன்னால். சுடச்சுட எழுதிய மார்க்தான். வெட்டுப்பட்ட மணி. பக்கத்தில் என் பழைய எதிரி, மூன்று சொட்டோடு மேகம்.

"உனக்கு எதுக்கு மழை ஆப்பு?"

"மழை கூடினா அருவியில குளிக்க விடமாட்டாங்கள்லா? நீங்க சீக்கிரம் வந்துருவீங்க. எப்ப வருவீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்."

இதற்குக் கோபப்படுவதற்குள் என் கண் கடைசியில் இருந்ததைப் பார்த்துவிட்டது. சார்ஜ் நாலு.

"நாலுதான் இருக்கு! போடு, சார்ஜ் போடு, பாடமெல்லாம் அதுலதான இருக்கு, அணைஞ்சிரப் போகுது..."

மச்சான் போனை என் காதிலிருந்து எடுத்துத் துண்டித்தார். அந்தச் சமயத்தில்தான் மேலே விசில் ஊதினார்கள். காட்டுக்குள் மழை வலுத்துவிட்டது, தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்குகிறது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று போலீஸ் விரட்டியது. எல்லா அருவிக்கும் தடை என்றார்கள். மகளின் போனில் மேகம் கறுத்திருக்கும். அப்பா வருகிறார் என்று அவள் புத்தகத்தை மூடத் தயாராகியிருப்பாள்.

டிரைவராக வந்த மருமகன் வண்டியைக் கிளப்பினான்.

"ஏலே, ஆஃப் பண்ணு" என்றார் மச்சான். "பிள்ளைக்கு இன்னும் ஆறு மணி நேரம் வேணும். பொழுதடைஞ்சாத்தான் வண்டி தென்காசிக்குத் திரும்பும்."

ஆக, ஐந்தருவிச் சாலை ஓரத்தில் நிறுத்திய வேனுக்குள், ஈர உடுப்போடு பதினோரு பேர், பலாச்சுளையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். மழை கூரையை அடித்தது. எனக்கு மண்டைக்குள் நாலு, நாலு என்று ஓடிக்கொண்டிருந்தது. போட்டிருப்பாளா, மறந்திருப்பாளா. ஒரே ஒரு போன் போட விடுங்கள் என்று கேட்டேன். மறுத்தார். மறுபடி கேட்டேன். மறுபடி மறுத்தார். கைதிக்கு உள்ள உரிமைகூட எனக்கு இல்லை என்று சட்டம் பேசினேன். பலாக்கொட்டையைக் கையில் கொடுத்தார்.

"மணியாவது சொல்லுங்க" என்றேன்.

மச்சான் பையிலிருந்து போனை எடுத்துத் திரையைத் தட்டி எழுப்பினார். எனக்குக் காட்டாமல், மேல் விளிம்பைக் கட்டை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூடிக்கொண்டு, தான் மட்டும் குனிந்து பார்த்தார்.

"இருக்கு, நேரம் இருக்கு. சுளையத் தின்னும்."